பதுங்கும் புலியின் கணக்கு

புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது பழமொழி. வலிமை உடையவன் அதனை வெளிக்காட்டாது அடங்கியிருப்பின், எதிரி ஏமாந்து அருகில் வருவான் என்பது இதன் கருத்து. சீட்டாட்ட வகைகளுள் ஒன்றான போக்கரில் இக்கருத்து ஒரு தந்திரமாகவே வழங்கி வருகின்றது. உயர்ந்த சீட்டு கைக்கு வந்தவன் உடனே பந்தயம் வைக்காமல், ஒன்றும் இல்லாதவன்போல் பொறுத்திருப்பான். எதிரி துணிந்து பணம் வைத்த பின்னர்த் தன் சீட்டைக் காட்டுவான். இதனைப் ‘பதுங்கி ஆடுதல்’ எனலாம்.

இத்தந்திரம் உண்மையில் லாபம் தருவதா? ஆட்டக்காரர்களிடையே இரு கட்சிகள் உண்டு. வலிய சீட்டை மறைப்பதே சாமர்த்தியம் என்பர் ஒரு சாரார். வலிய சீட்டு கிடைப்பதே அரிது. கிடைத்தபோது பந்தயத்தைப் பெருக்காமல் விடுவது பேதைமை என்பர் மற்றொரு சாரார். கணிதம் இவ்விரு கட்சிகளையும் முழுமையாக ஏற்பதில்லை. அது வேறொரு விடையைத் தருகின்றது. அவ்விடையை உணர 52 சீட்டுகள் தேவையில்லை. மூன்று சீட்டுகளே போதும்.

சீட்டுக்கட்டினை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்வது புதுமை அன்று. புனே நகரில் பெர்குசன் கல்லூரியில் 1930-களின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் கணிதம் போதித்த பேராசிரியர் தா. த. கோசாம்பி, சீட்டைக் கலைப்பது பற்றி 1958-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பதுங்கி ஆடுதல் பற்றிய கேள்வியும் இறுதியில் அந்த ஆராய்ச்சி தொட்ட இடத்துக்கே வந்து சேருகின்றது. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

மூன்று சீட்டு ஆட்டம்

அமெரிக்கக் கணித அறிஞர் ஹெரால்டு கூன் 1950-ஆம் ஆண்டில் போக்கரை மிக எளிய வடிவுக்குச் சுருக்கிக் காட்டினார். அதில் ராஜா, ராணி, ஜாக்கி என மூன்றே சீட்டுகள். ராஜா உயர்ந்தது, ஜாக்கி தாழ்ந்தது. ஆடுவோர் இருவர். முதலில் ஒவ்வொருவரும் ஒரு காசை நடுவில் வைப்பர். பின்னர் ஆளுக்கு ஒரு சீட்டு மறைவாக வழங்கப்படும். மூன்றாவது சீட்டு எவர் கண்ணுக்கும் படாமல் ஒதுக்கப்படும்.

முதலாமவன் மேலும் ஒரு காசு பந்தயம் வைக்கலாம், அல்லது பொறுக்கலாம். அவன் பந்தயம் வைத்தால், இரண்டாமவன் தானும் ஒரு காசு வைத்து ஈடு கட்டலாம். அல்லது சீட்டைக் கவிழ்த்து நடுப்பணத்தை விட்டுவிடலாம். முதலாமவன் பொறுத்தால், இரண்டாமவனும் பொறுக்கலாம். அப்போது சீட்டுகள் திறக்கப்படும். அல்லது இரண்டாமவன் ஒரு காசு பந்தயம் வைக்கலாம். அப்போது ஈடு கட்டுவதா, கவிழ்ப்பதா என்று முதலாமவன் தீர்மானிக்க வேண்டும். உயர்ந்த சீட்டு உடையவனுக்கு நடுப்பணம் முழுவதும் சேரும்.

முதலாமவனிடம் ராஜா இருப்பதாகக் கொள்வோம். அவன் தோற்க வழியே இல்லை. அவனுக்கு உள்ள பிரச்சினை ஒன்றே. ஒரு காசு மட்டும் லாபம் பெறுவதா, இரண்டு காசு பெற முயல்வதா என்பதே அது. எதிரியிடம் இருப்பது ராணியாகவோ ஜாக்கியாகவோ இருக்கும். இரண்டுக்கும் சம வாய்ப்பு உண்டு.

அவன் பந்தயம் வைக்கின்றான் எனில், ஜாக்கி உடைய எதிரி கவிழ்த்துவிடுவான். லாபம் ஒரு காசு. ராணி உடைய எதிரி சில வேளைகளில் சந்தேகப்பட்டு ஈடு கட்டுவான். அப்போது லாபம் இரண்டு காசு. ஆகவே பந்தயத்தால் வரும் உபரி லாபம் முழுவதும் ராணியின் சந்தேகத்திலிருந்து வருவதாகும்.

அவன் பதுங்குகின்றான் எனில் நிலைமை நேர்மாறாகும். ராணி உடைய எதிரி தானும் பொறுத்துவிடுவான். லாபம் ஒரு காசு. ஜாக்கி உடைய எதிரியோ சில வேளைகளில் வெற்று மிரட்டலாகப் பந்தயம் வைப்பான். அப்போது ராஜா ஈடு கட்டி இரண்டு காசு பெறும். ஆகவே பதுங்குவதால் வரும் உபரி லாபம் முழுவதும் ஜாக்கியின் துணிச்சலிலிருந்து வருவதாகும்.

இதிலிருந்து ஒரு தெளிவான விதி கிடைக்கின்றது. எதிரி ராணியோடு ஈடு கட்டும் விகிதத்தையும், ஜாக்கியோடு மிரட்டும் விகிதத்தையும் ஒப்பிட வேண்டும். முன்னது பெரிதாயின் பந்தயம் வைப்பதே நன்று. பின்னது பெரிதாயின் பதுங்குவது நன்று. சந்தேகப் பிராணியிடம் வலிமையை வெளிப்படையாகக் காட்டலாம், அவன் நம்பமாட்டான். துணிச்சல்காரனிடம் அடங்கியிருக்கலாம், அவன் தானே முன்வந்து பணம் வைப்பான். எனவே பதுங்குவது நன்றா, தீதா என்பது கையில் உள்ள சீட்டினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. எதிரியின் இயல்பும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றது.

எதிரி தேர்ந்தவனாயின்

எதிரி தவறே செய்யாதவன் எனில் என்ன நிகழும்? கூன் கண்ட முடிவு வியப்பூட்டுவது. தவறற்ற இரண்டாமவன் ராணியோடு மூன்றில் ஒரு முறை ஈடு கட்டுவான். ஜாக்கியோடு மூன்றில் ஒரு முறை மிரட்டுவான். இரண்டு விகிதங்களும் சமம். ஆகவே ராஜாவைக் கொண்டு பந்தயம் வைத்தாலும், பதுங்கினாலும், சராசரி லாபம் ஒரே அளவு. அதாவது ஒரு காசும் அதன்மேல் ஆறில் ஒரு பங்கும்.

அப்படியானால் எப்படி ஆடினும் ஒன்றே என முடிவு செய்யலாமா? செய்யலாகாது. பதுங்கும் அளவை மாற்றினால், மற்றச் சீட்டுகளை ஆடும் முறையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். முதலாமவன் ஜாக்கியோடு ஒரு முறை வெற்று மிரட்டல் செய்வானாயின், ராஜாவோடு மூன்று முறை உண்மைப் பந்தயம் வைக்க வேண்டும். இந்த மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் மாறலாகாது. இதன் காரணம் எளிது. பந்தயத்தை எதிர்கொள்ளும் ராணி, ஒரு காசை ஈடாக வைத்து மூன்று காசுகளை வெல்ல முயல்கின்றது. நான்கு பந்தயங்களில் ஒன்று மட்டும் பொய்யாக இருக்கும்போது ஈடு கட்டுவதும் கவிழ்ப்பதும் அதற்குச் சமம் ஆகின்றன. பொய் மிகுந்தால் ராணி எப்போதும் ஈடு கட்டும். பொய் குறைந்தால் எப்போதும் கவிழ்க்கும். இரு நிலைகளிலும் முதலாமவனுக்கே நஷ்டம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 36 ஆட்டங்களில் முதலாமவனுக்கு ஒவ்வொரு சீட்டும் சராசரியாக 12 முறை வரும். ராஜா வந்த 12 முறையில் 6 முறை பந்தயம் வைத்து 6 முறை பதுங்கினால், ஜாக்கி வந்த 12 முறையில் 2 முறை மட்டுமே மிரட்டலாம். ராஜா வரும் போதெல்லாம் பந்தயம் வைப்பவன் 4 முறை மிரட்டலாம். ராஜாவை எப்போதும் பதுக்கி ஆடுபவன் ஒரு முறையும் மிரட்டலாகாது. ஏனெனில் அவனிடமிருந்து பந்தயம் வந்தாலே அது பொய் என எதிரி அறிந்துகொள்வான். ஆகவே வலிமையை மறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. மறைக்கும் அளவுக்கு மிரட்டும் உரிமை குறைகின்றது என்பதே அவ்விலை.

எவ்வளவு சிறப்பாக ஆடினும், தவறற்ற எதிரிக்கு முன் முதலாமவன் 36 ஆட்டங்களுக்குச் சராசரியாக 2 காசு இழப்பான் என்பதும் கணக்கில் தெரிய வருகின்றது. முதலில் பேசுபவன் தன்னைப் பற்றிச் சிறிதேனும் வெளிப்படுத்திவிடுகின்றான். பின்னர்ப் பேசுபவன் அதைக் கேட்டு நடக்கின்றான். செய்தி முன்னதாகக் கிடைப்பதன் மதிப்பு அந்த 2 காசு எனக் கூறலாம்.

புனேயிலிருந்து ஓர் எச்சரிக்கை

ராஜா வரும்போது பாதி முறை பதுங்குவது என ஆட்டக்காரன் முடிவு செய்ததாகக் கொள்வோம். எந்தப் பாதி? ஒன்றுவிட்டு ஒன்று பதுங்குபவனை எதிரி விரைவில் கண்டுகொள்வான். மனம் போனபடி பதுங்குவதும் பயன் தராது. ஏனெனில் மனித மனம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் உடையது அன்று. நாணயத்தைச் சுண்டாமலே பூவா தலையா என ஒரு வரிசையை எழுதச் சொன்னால், பெரும்பாலோர் ஒரே பக்கத்தைத் தொடர்ந்து எழுதத் தயங்குவர். உண்மை நாணயமோ நூறு முறை சுண்டும்போது ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஐந்து முறை விழுவது மிகச் சாதாரணம்.

இங்குதான் கோசாம்பியின் ஆராய்ச்சி பொருந்துகின்றது. பொருளியல், நாணயவியல், வரலாறு எனப் பல துறைகளில் கால்வைத்த அவர், மரபியலில் 1944-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சூத்திரம் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. பின்னர் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோதும் புனேயிலேயே வசித்து, டெக்கான் குவீன் ரயிலில் சென்று வந்தார். அவரும் உ. வெ. ராமமோகன ராவும் எழுதிய 1958-ஆம் ஆண்டுக் கட்டுரை, கையால் சீட்டைக் கலைப்பது முந்தைய வரிசையை அழிக்க எவ்வளவு போதுமானது என்பதை ஆராய்ந்தது.

இது சிறு விஷயம் அன்று. சீட்டுகள் நன்கு கலைந்துவிட்டன என்னும் அனுமானத்தின் மீதே நிகழ்தகவுக் கணக்குகள் நிற்கின்றன. அந்த அனுமானம் ஆட்டம் கண்டால் கணக்கும் ஆட்டம் காணும். 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் இத்துறையில் புகழ்பெற்ற ஒரு முடிவை வெளியிட்டனர். கட்டினை இரு பாதியாகப் பிரித்து, ஓரங்களைச் சரசரவென ஒன்றினுள் ஒன்று செருகும் முறையில் 52 சீட்டுகள் நன்கு கலைய ஏறத்தாழ 7 முறை கலைக்க வேண்டும். நம் வீடுகளில் வழங்கும் முறையோ வேறு. கட்டினை ஒரு கையில் ஏந்திச் சிறு சிறு கொத்துகளாக மறு கையில் தள்ளுவர். அம்முறையில் அதே அளவு கலப்பு ஏற்பட ஆயிரக்கணக்கான முறை தள்ள வேண்டியிருக்கும். கலைந்தது போல் கண்ணுக்குத் தோன்றுவது வேறு. உண்மையில் கலைந்திருப்பது வேறு.

கைக்கு உள்ள இக்குறை மனத்துக்கும் உண்டு. ஆகவே, பதுங்குவதா இல்லையா என்பதை ஆட்டக்காரன் தன் விருப்பத்துக்கு விடாமல், பகடை போன்ற ஒரு புறக் கருவிக்கு விட வேண்டும். எதிரி ஊகிக்க முடியாதபடி நடப்பதற்கு உறுதியான வழி, தானே முன்கூட்டி அறியாதபடி நடப்பதாகும்.

பெரிய ஆட்டத்தில்

வரம்பற்ற பந்தயப் போக்கர் இதனினும் சிக்கலானது. ‘டெக்சாஸ் ஹோல்டம்’ என்னும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டுகள். நடுவில் முதலில் மூன்றும், பின்னர் ஒன்றும், பின்னர் மற்றொன்றுமாகப் பொதுச் சீட்டுகள் ஐந்து திறக்கப்படும். நான்கு சுற்றுகள் பந்தயம் நடைபெறும். ஒருவன் தன்னிடம் உள்ள அனைத்தையும் எந்தச் சுற்றிலும் பந்தயமாக வைக்கலாம்.

இங்கே பதுங்குவதற்கு எதிராக இரண்டு காரணங்கள் எழுகின்றன. முதலாவது, பணம் பெருகும் வேகம். நடுவில் 100 காசு இருக்கையில், எஞ்சிய மூன்று சுற்றுகளிலும் நடுப்பணத்துக்குச் சமமான பந்தயம் வைக்கப்பட்டு எதிரியும் ஈடு கட்டினால், அது 300, 900, 2,700 என உயரும். எதிரி செலுத்தியது 1,300 காசு. முதற் சுற்றில் பதுங்கி, மற்ற இரண்டில் மட்டும் அவ்வாறே பந்தயம் வைத்தால் எதிரி செலுத்துவது 400 காசு மட்டுமே. ஒரே சுற்றைக் கைவிட்டதால் மூன்றில் இரு பங்குக்கு மேல் லாபம் போயிற்று.

இரண்டாவது, எதிரிக்கு இலவசமாகக் கிடைக்கும் சீட்டு. எதிரியிடம் ஒரே இனத்தைச் சேர்ந்த நான்கு சீட்டுகள் சேர்ந்து, ஐந்தாவதற்குக் காத்திருப்பதாகக் கொள்வோம். காணாத 47 சீட்டுகளில் 9 அவனுக்கு உதவும். அடுத்த ஒரு சீட்டில் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 19. இரண்டு சீட்டுகளில் நூற்றுக்கு 35. பதுங்குபவன் இவ்வாய்ப்பைக் கட்டணமின்றி வழங்குகின்றான்.

எனவே பெரிய ஆட்டத்தில் பதுங்குவதற்கு நான்கு நிபந்தனைகள் கூறலாம். கையிலுள்ள சீட்டு, இனி வரும் சீட்டினால் வீழ்த்தப்பட இயலாத அளவு வலியதாக இருத்தல் வேண்டும். எதிரியின் சீட்டு, பந்தயம் கண்டவுடன் கவிழ்க்கும் அளவு மெலிந்ததாக இருத்தல் வேண்டும். எதிரி மிரட்டும் பழக்கம் உடையவனாக இருத்தல் வேண்டும். எதிரிகள் பலராக இல்லாமல் ஒருவராக இருப்பது நலம். இவற்றுள் முதலிரண்டும் இல்லாதபோது பதுங்குவது சாமர்த்தியம் அன்று; இழப்பு ஆகும்.

இயந்திரம் கண்ட வழி

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங் குழுவினர், 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘செபியஸ்’ என்னும் கணிப்பொறி நிரலைப் பற்றி அறிவித்தனர். இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டம் ஆட்டத்தை அது ஏறத்தாழப் பூரணமாக ஆடுகின்றது. 200 கணிப்பொறிகள் இரண்டு மாதங்களுக்கு மேல் இயங்கி அந்த ஆட்ட முறையைக் கணித்தன. மனித ஆசான் எவரும் அதற்குப் போதிக்கவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றது.

தொடக்கத்தில் ஒருவனுக்கு வரக்கூடிய மிக உயர்ந்த சீட்டுகள் இரண்டு ஆஸ் ஆகும். அவை 221 முறையில் ஒரு முறையே வரும். சீட்டுப் பகிரும் இடத்தில் இருக்கும் செபியஸ், முதற் சுற்றில் பந்தயத்தை உச்ச வரம்புக்கு உயர்த்தும் வாய்ப்புக் கிடைத்தபோதும், அந்த இரண்டு ஆஸ்களோடு பத்தாயிரத்தில் ஒரு முறைக்கும் குறைவாகவே உயர்த்துகின்றது. பெரும்பாலும் ஈடு மட்டும் கட்டுகின்றது. உச்சத்துக்கு உயர்த்துவது மிக வலிய சீட்டின் அடையாளம் ஆகிவிடும். ஈடு கட்டும்போதோ ஆஸ்கள் மற்றச் சீட்டுகளின் கூட்டத்தில் மறைகின்றன. கூன் மூன்று சீட்டில் கண்ட தத்துவமே இங்கும் தொழிற்படுகின்றது.

பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஆட்டத்தில் ஒரு சுற்றில் பதுங்குவதன் விலை சிறிது என்பதை மறத்தலாகாது. வரம்பற்ற ஆட்டத்திலும் இயந்திரம் மனிதரை வென்றது 2017-ஆம் ஆண்டு ஜனவரியில். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ‘லிப்ரேட்டஸ்’ என்னும் நிரல், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி வெற்றி பெற்றது. அதுவும் ஒரே நிலைமையில் ஒரே முறையாக ஆடவில்லை. விகிதப்படி மாற்றி மாற்றி ஆடியது.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் நிகழ்தகவைப் போதிக்கையில் கூனின் ஆட்டத்தை எளிதில் நடத்திக் காட்டலாம். மூன்று சீட்டுகளும், ஒரு பகடையும், ஒரு சிரட்டையும், ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். பகடையைச் சிரட்டைக்குள் குலுக்கி, எதிரி காணாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் எதிரிக்குத் தெரியாதிருக்க, எந்தச் சீட்டு வந்தாலும், ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் பகடையைக் குலுக்குவது அவசியம்.

முதலாமவனுக்கு உரிய விதிகள் இவை. ராஜா வந்து பகடையில் இரட்டைப்படை விழுந்தால் பந்தயம்; ஒற்றைப்படை விழுந்தால் பதுங்கல். ஜாக்கி வந்து பகடையில் 1 விழுந்தால் மட்டும் பந்தயம். ராணி வந்தால் எப்போதும் பொறுத்தல். பொறுத்தபின் எதிரி பந்தயம் வைத்தால், ராஜா ஈடு கட்டும், ஜாக்கி கவிழ்க்கும், ராணி மீண்டும் குலுக்கி, இரட்டைப்படை விழுந்தால் ஈடு கட்டும்.

இரண்டாமவனுக்கு உரிய விதிகள் இவை. ராஜா எப்போதும் பந்தயம் வைக்கும் அல்லது ஈடு கட்டும். ராணி தானாகப் பந்தயம் வைக்காது. எதிரி வைத்தால், பகடையில் 1 அல்லது 2 விழும்போது மட்டும் ஈடு கட்டும். ஜாக்கி ஒருபோதும் ஈடு கட்டாது. எதிரி பொறுத்தால், 1 அல்லது 2 விழும்போது மட்டும் மிரட்டும்.

மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மனம்போல் ஆடவும், மற்றொரு பிரிவைப் பகடைப்படி ஆடவும் செய்து, ஒவ்வோர் ஆட்ட முடிவையும் குறித்து வரலாம். சில பத்து ஆட்டங்களில் அதிர்ஷ்டமே மேலோங்கி நிற்கும். பல நூறு ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் விதியின் கை தெரியும். அதுவும் ஒரு பாடமே.

புளியங்கொட்டைக்குப் பதிலாகக் காசு வைக்க இடம் தரலாகாது. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களை, திறமை சார்ந்தவை எனினும் விலக்களிக்காது, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. மூன்று சீட்டிலேயே தேர்ந்த எதிரிக்கு முன் முதலாமவன் இழப்பது உறுதி எனக் கண்டபின், பணம் இழந்த குடும்பங்களின் கதை எவ்வாறு தொடங்குகின்றது என்பதை மாணவர் தாமே உணர்வர்.

வயல்வெளியில் இதன் பயன்

களப் பணியாளருக்கும் இது புறம்பான செய்தி அன்று. பெர்குசன் கல்லூரியில் 1932-ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற மற்றொரு அறிஞர் பா. வ. சுகாத்மே. பயிர் விளைச்சலை மதிப்பிட, வயல்களையும் அவற்றுள் அறுவடை செய்ய வேண்டிய துண்டினையும் தற்செயல் எண்களால் தேர்ந்தெடுக்கும் முறையை நம் நாட்டில் வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். அறுவடைச் சோதனைக்குச் செல்லும் பணியாளர், செழித்த மூலையைக் கண்டு அங்கே கயிறு கட்டினால் விளைச்சல் கூடுதலாகத் தோன்றும். இரக்கப்பட்டு நலிந்த மூலையைத் தேர்ந்தால் குறைவாகத் தோன்றும். எண் காட்டிய இடத்தில் முட்செடி இருப்பினும் அங்கேயே அளப்பதுதான் முறை.

மேற்பார்வைக்கும் இது பொருந்தும். கிடங்கையோ எடைக்கற்களையோ ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் சோதிப்பவர், தம் வருகையை முன்னறிவிப்பவர் ஆகின்றார். எப்போதும் மறைந்து வருபவரும் ஓர் ஒழுங்குக்குள் அகப்பட்டவரே. எத்தனை முறை செல்வது என்பதைக் கணக்கினால் தீர்மானித்து, எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பவரையே எவரும் ஊகிக்க இயலாது.

வலிய சீட்டினை மறைப்பதா, காட்டுவதா என்ற கேள்விக்கு விடையும் இதுவே. எப்போதும் மறைப்பதும் தவறு. எப்போதும் காட்டுவதும் தவறு. எதிரியின் குறை தெரிந்தால் அதற்கேற்ப ஆடலாம். தெரியாதபோது அளவைக் கணிதம் கூறட்டும், வேளையைப் பகடை கூறட்டும். பதுங்கும் புலியைக் கண்டு மான் அஞ்சுவதற்குக் காரணம், அது எப்போது பதுங்கும் என்பதை மான் அறியாதிருப்பதே.